விடுமுறைப் புள்ளிகளும் விடுதி அறையும்

இன்று நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடத்துக் கணக்கு அல்ல. வீட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கும் பணத்தைப் பற்றிய கணக்கு. ஆகையால் வீட்டில் தாய்மார்களும் சற்றுக் கூடவே அமர்ந்து கேட்பது நல்லது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அழைப்பதுதான் இந்த வியாபாரத்தின் வழக்கம்.

கூலாய், குளுவாங், சிகாமட், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்போருக்கும், தோட்டத்தை விட்டு மாசாய், தம்போய் பக்கம் வந்து குடியேறியோருக்கும் இந்த அழைப்பு புதிதல்ல. தொலைபேசி ஒலிக்கும். "அண்ணே, உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு. மூணு நாள் ரெண்டு ராத்திரி இலவசமாத் தங்கலாம். சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கிட்டு ஜொகூர் பாருவுக்கு வாங்க" என்று ஒரு குரல் பேசும். சில நேரம் பேரங்காடி வாசலில் சுரண்டிப் பார்க்கும் சீட்டைக் கையில் திணிப்பார்கள். போனால் குளிரூட்டிய மண்டபம், தேநீர், கறிபாப், சுவரெல்லாம் கடற்கரைப் படங்கள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் பேச்சு நடக்கும். முடிவில் ஒரு பத்திரம் வரும்.

அந்தப் பேச்சில் ஒரு கட்டம் உண்டு. "எங்களுக்கு உங்கள் விடுதி பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அது தூரமாயிற்றே?" என்று குடும்பத்தலைவி கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை தயாராக இருக்கும்: "கவலையே வேண்டாம். உங்கள் புள்ளிகளைக் கொடுத்துவிட்டு உலகத்தில் எந்த ஓட்டலில் வேண்டுமானாலும் தங்கலாம்." தயங்கிய மனம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இளகிவிடுகிறது. இது உண்மையா, உண்மையானால் எவ்வளவு உண்மை, புள்ளியைக் கொடுத்து ஓட்டல் அறை வாங்குவது ஆதாயமா என்பதே இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது பணக்காரர் வீட்டு விஷயம் அல்லவா, நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல. தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமாகும்போது தொழிலாளிக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடைக்கிறது. 1980-ஆம் ஆண்டு விதிமுறையின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். இருபதாண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் வரும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துப் பார்த்தால் அது சுமார் 22,000 வெள்ளி. ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணமும் கைக்கு வருகிறது. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மொத்தத் தொகை! அந்தச் சமயம் பார்த்துத்தான் மண்டபத்துக்கு அழைப்பும் வருகிறது. விடுதிச் சந்தா 15,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், இருபதாண்டு வியர்வையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் போய்விடும்.

முதலில் இந்த ஏற்பாடு என்னவென்று புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் டைம்ஷேர் என்பார்கள். தமிழில் காலப்பங்கு எனலாம். பெயர்தான் புதிது, வழக்கம் நமக்குப் பழையது. ஊரில் ஒரு கிணறு, நான்கு பங்காளிகள். திங்கட்கிழமை மூத்தவர் முறை, செவ்வாய் அடுத்தவர் முறை என்று வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கிணறு வெட்ட வேண்டியதில்லை. காலப்பங்கும் அதுவே. ஒரு விடுதி வீட்டை 50 பேர் பங்கு போட்டு, ஆளுக்கு ஆண்டில் ஒரு வாரம் தங்கிக்கொள்வது. கிணற்றைத் தூர் வாரும் செலவை நான்கு பேரும் ஏற்பதுபோல், விடுதிக்கு வெள்ளையடிக்கவும் கூரை பார்க்கவும் ஆண்டுதோறும் எல்லாரும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவார்கள். முறைக்கு வராவிட்டாலும் தூர் வாரும் காசு கொடுத்தாக வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் 1960-களில் இது தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் 1963-இல் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் ஏற்பட்டது. பிரான்சின் மலைப்பகுதியிலும் அதே பத்தாண்டில் இம்முறை வந்தது. 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஓர் ஊரில் வாரம் வைத்திருப்பவர் வேறோர் ஊரில் வாரம் வைத்திருப்பவருடன் மாற்றிக்கொள்ள அது வழிசெய்தது. நம் சொந்தங்கள் வாழும் தமிழ்நாட்டிலும் இது தெரிந்த வியாபாரம்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் மகிந்திரா விடுமுறை நிறுவனமும் தொடங்கின. கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போய்வந்தவர்கள் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள்.

வாரத்தை வாரத்தோடு மாற்றும் வரையில் கணக்கு எளிது. பிறகு வாரம் போய்ப் புள்ளி வந்தது. "உங்களுக்கு ஆண்டுக்கு 7,000 புள்ளி. வேண்டிய நாளில், வேண்டிய அளவு செலவிடுங்கள்" என்றார்கள். வசதியான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் புள்ளி என்பது பணமல்ல. பத்து வெள்ளி நோட்டை எந்தக் கடையில் நீட்டினாலும் பத்து வெள்ளிதான். புள்ளியோ, வெளியிட்டவர் சொல்கிற விலைக்குத்தான் போகும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி வணிக நிறுவனங்கள், சில்லறைக் காசு தட்டுப்பாடாக இருந்த காலத்தில், தம் பெயர் பொறித்த டோக்கன்களைத் தொழிலாளருக்குக் கொடுத்தன. கையில் பளபளப்பாக இருக்கும். ஆனால் வெளியிட்ட நிறுவனம் ஒப்புக்கொள்ளும் மட்டுமே அதற்கு மதிப்பு. இன்றைய புள்ளியும் அந்த டோக்கனுக்கு உறவுமுறைதான். இந்த ஆண்டு சனிக்கிழமை இரவுக்கு 1,500 புள்ளி என்றிருப்பது, அடுத்த ஆண்டு அட்டவணையில் 1,800 ஆகலாம். அப்படி மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்பது பத்திரத்தின் பின்பக்கத்துச் சிறு எழுத்தில் இருக்கும். அதை வாசிக்க மண்டபத்தில் நேரம் கொடுக்கமாட்டார்கள்.

இனி, ஓட்டலுக்கு மாற்றுவதைப் பார்ப்போம். இரண்டு விதமான மாற்றம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்புவது விற்பனையாளரின் வழக்கம். ஒன்று, காலப்பங்கு விடுதிக்குப் பதில் இன்னொரு காலப்பங்கு விடுதி. போர்ட்டிக்சனில் தங்கவேண்டிய நீங்கள் லங்காவிக்குப் போகிறீர்கள், லங்காவிக்காரர் வேறெங்கோ போகிறார். இதில் பணம் கைமாறவில்லை, அறைதான் கைமாறுகிறது. பரிமாற்ற நிறுவனத்துக்கு அதன் கட்டணம் மட்டும் போகிறது. மற்றொன்று, காலப்பங்கு இல்லாத சாதாரண ஓட்டலில் தங்குவது. ஓட்டல்காரர் உங்கள் புள்ளியை வைத்து என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது பணம். ஆகவே உங்கள் நிறுவனம் நீங்கள் விட்டுக்கொடுத்த நாட்களை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஓட்டல் அறையை வாங்கிக் கொடுக்கவேண்டும். நடுவில் விளம்பரச் செலவு, ஆள் சம்பளம், தரகு, அறை போகாமல் நிற்கிற நட்டம், இலாபம் இத்தனையும் உண்டு. இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழும்? உங்கள் புள்ளியின் தலையில்தான். தேங்காயைக் கடையில் விற்று, அந்தக் காசில் வேறு கடையில் தேங்காய் வாங்கினால் அதே தேங்காய் கிடைக்காது அல்லவா? இதில் மோசடி எதுவும் வேண்டியதில்லை. நேர்மையாக நடத்தினாலும் இந்த மாற்றத்தில் மதிப்புக் குறையும். அது அதன் இயல்பு.

சரி, எவ்வளவு குறையும்? நாமே ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். இது எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் பத்திரத்தில் உள்ள எண்களை இந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தா 15,000 வெள்ளி, 25 ஆண்டுக்கு. அப்படியானால் ஆண்டுக்கு 600. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 800. இரண்டும் சேர்த்து 1,400 வெள்ளி. கிடைப்பது 7,000 புள்ளி. ஆக ஒரு புள்ளியின் அடக்க விலை 20 காசு. சொந்த விடுதியில் வாரநாள் இரவுக்கு 1,000 புள்ளி என்றால் உங்களுக்கு அது 200 வெள்ளி அறை. பரவாயில்லை என்று சொல்லலாம். இப்போது ஓட்டலுக்கு மாற்றுகிறீர்கள். மூன்று இரவுக்கு 5,000 புள்ளி, அதோடு மாற்றுக் கட்டணம் 300 வெள்ளி. 5,000 புள்ளியின் அடக்கம் 1,000 வெள்ளி, கட்டணத்தோடு 1,300. அதே ஓட்டலில் அதே அறையைக் கைத்தொலைபேசியில் யாரும் 260 வெள்ளிக்குப் பதிவு செய்யலாம் என்று வைப்போம். மூன்று இரவுக்கு 780. பரிசு பெற்றவருக்கு 1,300, பரிசு பெறாதவருக்கு 780!

இந்த இடத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "சந்தாப் பணம் எப்போதோ போய்விட்டது. அதைத் திரும்பத் திரும்பக் கணக்கில் சேர்ப்பானேன்?" நியாயமான கேள்வி. போன பணம் போனதுதான். அவர்கள் கணக்கு வேறு. ஆண்டுக் கட்டணம் 800-ஐ மட்டும் 7,000 புள்ளிக்குப் பங்கிட வேண்டும். ஒரு புள்ளி 11 காசு சொச்சம். 5,000 புள்ளி சுமார் 571 வெள்ளி. கட்டணம் 300 சேர்த்தால் 871. இன்னும் 780-ஐ விட அதிகம். அவர்களும் சொந்த விடுதியில் தங்குவதற்குப் புள்ளியை வைத்துக்கொண்டு, ஓட்டல் வேண்டுமானால் காசு கொடுத்துத் தங்குவதே மேல்.

மூன்றாவது கணக்கும் உண்டு. இதில் விடை தலைகீழாக மாறும். ஆண்டு முடியப் போகிறது, வீட்டில் உடல்நலக் குறைவோ திருமணமோ வந்து விடுதிக்குப் போக முடியவில்லை, புள்ளிகள் டிசம்பரில் காலாவதியாகிவிடும் என்று வையுங்கள். அந்தப் புள்ளிக்கு இனி மதிப்பு இல்லை. இப்போது 300 வெள்ளி கட்டணம் கொடுத்து 780 வெள்ளி அறையில் தங்கினால் 480 வெள்ளி மிச்சம். தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆறப்போகிற சோற்றை யாருக்காவது போடுவது போல. ஆனாலும் அதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: புள்ளியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியுமா? சில ஒப்பந்தங்களில் முடியும், சிலவற்றில் அதற்கும் கட்டணம் உண்டு. முடியுமானால் கொண்டுபோவது பெரும்பாலும் நல்லது.

பள்ளி விடுமுறையின் உச்சத்தில் அதே அறை 500 வெள்ளி விற்கும்போது மாற்றினால் ஆதாயம்தானே என்று கேட்கலாம். தாளில் பார்த்தால் ஆதாயம்தான். ஆனால் அந்த நாளில் அறை கிடைக்க வேண்டுமே! பத்திரத்தில் "இடம் இருந்தால்" என்ற சிறு சொற்றொடர் ஒன்று இருக்கும். முழுப் பத்திரத்திலும் வலுவான சொற்கள் அவைதாம். டெசாருவை எடுத்துக்கொள்வோம். 2011-இல் செனாய்–டெசாரு நெடுஞ்சாலை திறந்தபிறகு செம்பனைக் காட்டின் ஊடே விரைவில் போய்ச் சேரலாம். சிங்கப்பூரிலிருந்தும் அதே சாலையில் வருகிறார்கள். ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 சனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு. ஆகையால் இருகரைக் கூட்டமும் ஒரே சனிக்கிழமையில் வந்து இறங்குகிறது. காசு கொடுப்பவர்கள் வரிசையில் நிற்கும்போது புள்ளிக்காரருக்கு அறை ஒதுக்க ஓட்டலுக்கு என்ன அவசரம்? ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் பருவங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்தன. சிவப்பு என்றால் எல்லாரும் கேட்கும் காலம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை எப்போதும் சிவப்பில்தான் வரும். நீலத்தில் அறை தாராளம்; ஆனால் நமக்கு வேலை நாள்.

இன்னொரு செய்தி. மண்டபத்தில் யாரும் சொல்லாதது, ஆனால் நம் குடும்பங்களுக்கு மிக வேண்டியது. காலப்பங்கு விடுதியின் உண்மையான சிறப்பு எதில் இருக்கிறது? கடற்கரையில் அல்ல, சமையலறையில். பல காலப்பங்கு விடுதிகளில் இரண்டு படுக்கையறை, ஓர் அடுப்பு, ஒரு குளிர்பெட்டி இருக்கும். தாத்தா பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் ஒரே வீட்டில் தங்கலாம். அரிசி, பருப்பு, கருவாடு எடுத்துப்போய்ச் சமைத்துக்கொள்ளலாம். பாட்டிக்கு உப்பில்லாத கஞ்சியும் வைக்கலாம். இதைக் கொடுத்துவிட்டு ஓட்டல் அறையை வாங்கினால் என்ன ஆகும்? ஓட்டல் அறை இருவருக்கு உரியது. ஆறு பேருக்கு இரண்டு அறையாவது வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கு ஓர் அறைக்கு. இரண்டு அறை என்றால் 10,000 புள்ளி, ஆண்டுப் புள்ளியில் அடங்காது. மூன்று வேளைச் சாப்பாடும் வெளியில்தான். சமையலறையைக் கொடுத்துவிட்டு மெத்தையை வாங்குவது நமக்கு ஏற்ற வியாபாரமாகத் தெரியவில்லை.

அப்படியானால் காலப்பங்கே வீணா? அப்படிச் சொல்வதும் சரியாகாது. ஆண்டுதோறும் தவறாமல் பயணம் போகிறவர்கள், பல மாதம் முன்னரே திட்டமிடக்கூடியவர்கள், ஓய்வு பெற்று வாரநாளில் போகக்கூடியவர்கள், ஒரே விடுதியை விரும்பித் திரும்பத் திரும்பத் தங்குகிறவர்கள் ஆகியோருக்கு அது பயன்பட்டிருக்கிறது. நாள் கூலிக்கு, மழைக்கு, ரப்பர் மரத்தின் பால் வரத்துக்கு ஏற்ப விடுப்பு எடுக்கிற குடும்பத்துக்கு ஓராண்டு முன்னதாக நாள் குறிப்பது எளிதல்ல. சந்தா செலுத்துமுன் யோசிக்க வேண்டியது அந்தக் கடற்கரையின் அழகையல்ல, நம் வேலையின் தன்மையை.

இப்போது முதற்கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். அந்த 15,000 வெள்ளியைக் கொடுக்காமல் ஊழியர் சேமநிதியிலேயே விட்டுவைத்தால்? ஐம்பத்தைந்து ஆனவுடன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமென்ற கட்டாயமில்லை. அங்கேயே இருந்தால் நூறு வயதுவரை இலாப ஈவு சேரும். சேமநிதி வாரியம் 2023-க்கு 5.50 விழுக்காடும், 2024-க்கு 6.30 விழுக்காடும் அறிவித்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு சட்டப்படி உறுதி. 5.5 என்று வைத்தாலே 15,000-க்கு ஆண்டுக்கு 825 வெள்ளி. நாம் சொன்ன ஓட்டலில் மூன்று இரவு 780. அதாவது ஈவுப் பணத்திலேயே ஆண்டுதோறும் போய்வந்து, மீதி 45 வெள்ளிக்குப் பிள்ளைகளுக்குப் பனிக்கூழும் வாங்கிக் கொடுக்கலாம். 15,000 அப்படியே இருக்கும். பராமரிப்புக் கட்டணம் 800-ம் கையில் நிற்கும். அதில் இன்னும் மூன்று இரவு. போகாத ஆண்டில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மருத்துவமனைச் செலவு வந்தால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். புள்ளியைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்ட முடியாது.

பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி முன்பு சொன்னோம். 800 வெள்ளி என்பது குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு ஏறக்குறைய அரை மாதச் சம்பளம். ஒப்பந்தம் இடங்கொடுத்தால் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். செலுத்தாவிட்டால் அபராதம் சேரும், விடுதிக்கு விட மாட்டார்கள், பாக்கி கேட்டுக் கடிதம் வரும். எத்தனை ஆண்டுக்கு இது தொடரும், நடுவில் விலக முடியுமா, நமக்குப் பின் பிள்ளைகள் தலையில் விழுமா என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் காலப்பங்குத் திட்டங்கள் முன்பு 1965-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் இருந்தன. இப்போது 2016-ஆம் ஆண்டு நலப்பங்குத் திட்டச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது 2017 சனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்களிடம் பணம் திரட்டும் செம்பனைப் பங்குத் திட்டங்களுக்கும் இதே சட்டம்தான். திட்டத்தை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசியக் கம்பெனி ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உறுப்பினர் நலனைக் காக்கும் ஒரு டிரஸ்டியும், டிரஸ்டிப் பத்திரமும் இருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் பதிவாகியிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. மளிகைக் கடைக்கும் பதிவு உண்டு. "இந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறதா? டிரஸ்டி யார்?" என்று கேளுங்கள். சிலர் காலப்பங்கு என்ற சொல்லையே தவிர்த்து, பயணக் கழகம், விடுமுறைத் தள்ளுபடி அட்டை என்று வேறு பெயரில் விற்பார்கள். அங்கே உங்களுக்கு அறை எதுவும் சொந்தமில்லை, வாரமும் இல்லை. தள்ளுபடி தருவோம் என்ற வாக்கு மட்டும்தான். அப்படிப்பட்டவர்களிடம் இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சில நாள் அவகாசம் உண்டு. வீடு தேடி வந்து விற்கும் பொருளுக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் கொடுக்கிறது. காலப்பங்குப் பத்திரத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது, எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதை அன்றிரவே பாருங்கள். ஆறப்போட்டால் நாள் ஓடிவிடும். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், பதிவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே கையெழுத்திட்டிருந்தால், அந்நாட்டுச் சட்டம் காலப்பங்கு ஒப்பந்தத்துக்கு 5 நாள் தருகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை இதில் சேரா. "இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்தான்" என்று சொல்வார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடலாம். நாளைக்குக் கிடைக்காத நல்ல வியாபாரம் எதையும் நாம் கண்டதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களைத் தேடி இன்னொரு தொலைபேசி அழைப்பும் வரும். "உங்கள் உறுப்பியத்தை வாங்க ஆள் இருக்கிறார், 20,000 தருவார், பத்திரச் செலவுக்கு 1,500 முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அல்லது "பழைய கம்பெனி மூடியாகிவிட்டது, உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், வக்கீல் செலவு மட்டும்" என்பார்கள். பெயர், உறுப்பினர் எண், எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்பதுவரை சரியாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் எப்படியோ கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய உறுப்பியத்துக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. வாங்குகிறவர் உண்மையில் இருந்தால், அவர் தரும் பணத்திலிருந்து தரகைக் கழித்துக்கொள்ளலாமே! முன்பணம் கேட்கிறவரிடம் இந்த ஒரு கேள்வியைப் போட்டால் அழைப்பு தானே துண்டிக்கப்படும்.

வாக்குக் கொடுத்தபடி நடக்காத நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வக்கீல் வைக்க வேண்டும், அதற்கு நம்மிடம் ஏது பணம் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். அங்கே வக்கீல்கள் வாதாடுவதில்லை, நீங்களே பேசலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். முன்பு 25,000-ஆக இருந்தது, 2019-இல் உயர்த்தப்பட்டது. சிக்கல் எழுந்து மூன்றாண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பிக்க வேண்டும். அவர்கள் பதில் தாக்கல் செய்ய 14 நாள். தீர்ப்பு வந்தபின் 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

மனுவுடன் எடுத்துப்போக வேண்டியவை: ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், பணம் கட்டிய ரசீதுகள், அறை கேட்டு எழுதிய கடிதங்கள் அல்லது தொலைபேசிச் செய்திகள், "இடமில்லை" என்று அவர்கள் தந்த பதில்கள். தொலைபேசியில் பேசியிருந்தால் எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பேசினார் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்தாலும் உதவும். படிவத்தை நிரப்பத் தடுமாறுகிறவர்கள், வீட்டில் படித்த பிள்ளையையோ தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ கூட வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் படம் போட்டுக் காட்டிய வண்ணத் தாள்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். "உலகத்தில் எந்த ஓட்டலிலும்" என்று அதில் அச்சிட்டிருந்தால், அந்தத் தாளும் மன்றத்தில் ஒரு சாட்சி.